மீண்டும் தோன்ற மறுக்கும் பழுது
கணிப்பொறித் திரையின் கோளாறுகளைக் கண்டறியும் முறை

இயந்திரங்களில் உண்டாகும் பழுதுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, நிலையாக நிற்பது. கிணற்றுப் பம்பின் ஃபுட் வால்வு தேய்ந்துவிட்டால், அது காலையிலும் நீரைத் தாங்காது, மாலையிலும் தாங்காது. பழுதுபார்ப்பவர் எந்த நேரத்தில் வந்தாலும் அதனைக் கண்ணால் கண்டு மாற்றிவிட இயலும். மற்றொரு வகை, வந்து மறைவது. இது முறைக்காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் தணிந்த நாளில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், ‘உடல் சூடு இல்லை, ஆகவே நோயும் இல்லை’ என்று முடிவு செய்துவிட்டால் அது பெருந்தவறாகும். எந்நாளில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை நாள் விட்டு மீண்டும் வந்தது என்பவற்றை அவர் கேட்டறிகிறார். அந்த இடைவெளியே நோயின் தன்மையைக் காட்டிக் கொடுக்கிறது.

கணிப்பொறி இன்று அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இன்றியமையாத கருவியாகிவிட்டது. அதில் உண்டாகும் கோளாறுகளுள் மிகவும் தொல்லை தருவது இந்த இரண்டாம் வகையே. ஆசிரியர் ஒருவர் புரொஜெக்டரை இணைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் திரை திடீரெனக் கருகிவிடுகிறது. களப்பணியாளர் ஒருவர் நாள் முழுவதும் திரட்டிவந்த விவரங்களைப் பதிவு செய்யும் தறுவாயில், திறந்திருந்த சாளரங்கள் யாவும் மறைந்து, கடவுச்சொல் கேட்கும் முகப்பு மட்டும் வந்து நிற்கிறது. மறுநாள் தொழில்நுட்பப் பணியாளர் வந்து பார்க்கும்போது எல்லாம் செவ்வனே இயங்குகின்றன. “சோதித்துப் பார்த்ததில் கோளாறு எதுவும் தோன்றவில்லை” என்று எழுதிப் புகார் முடிக்கப்படுகிறது. இந்த வாக்கியம் புகாரின் முடிவன்று, ஆராய்ச்சியின் தொடக்கமே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைக்குப் பின்னால் நடப்பவை

மேசைக் கணிப்பொறியின் திரை ஒரு படத்தாளைப் போல அசையாமல் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது இடையறாது திருத்தி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இன்று சாதாரணமாக வழங்கும் திரையொன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். இவை பொதுவாக வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது, ஒரு வினாடியில் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறம் திரைக்கு அனுப்பப்படுகிறது.

இவ்வேலையை ஒரே மென்பொருள் செய்வதில்லை. கடிதம் எழுதும் நிரல், படம் வரையும் நிரல் முதலிய ஒவ்வொன்றும் தனக்குரிய சாளரத்தில் என்ன தோன்றவேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். அவற்றின் வேண்டுகோள்களைப் பெற்று, எந்தச் சாளரம் மேலே, எது கீழே என்று ஒழுங்குபடுத்தித் திரைக்கு அனுப்பும் பொறுப்பு வேறொரு மென்பொருளைச் சார்ந்தது. அதனைக் காட்சி நிர்வாகி எனலாம். அதற்குக் கீழே, வரைகலைச் சில்லை நேரடியாக இயக்கும் டிரைவர் என்னும் அடுக்கு உண்டு. அதற்கும் கீழே சில்லும், கேபிளும், திரையும்.

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் நெடுங்காலமாக இப்பணியைச் செய்துவருவது ‘எக்ஸ் விண்டோ சிஸ்டம்’ ஆகும். இது 1984-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. இதன் 11-ஆம் பதிப்பு 1987-ல் வெளிவந்தது. 2008-ல் தொடங்கப்பட்ட ‘வேலண்ட்’ என்னும் புதிய முறை படிப்படியாக அதன் இடத்தைப் பெற்றுவருகிறது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ‘பாஸ் லினக்ஸ்’, கேரளத்தின் பொதுப்பள்ளிகளில் பயன்படும் லினக்ஸ் தொகுப்பு ஆகியவற்றிலும் திரையை ஆள்வது இத்தகைய அடுக்குகளே. விண்டோஸ் முறையிலும் அடுக்குகளின் பெயர்கள் மாறுபடினும் அமைப்பு இதனை ஒத்ததே.

கடிதம் எழுதும் நிரல் மட்டும் செயலிழந்தால் அந்த ஒரு சாளரமே மறையும். காட்சி நிர்வாகியே செயலிழந்தால், அதனை நம்பி நிற்கும் எல்லாச் சாளரங்களும் பெரும்பாலும் அதனுடன் மறைந்துவிடும். சேமிக்கப்படாத வேலையும் போய்விடும். கிளை முறிவதற்கும் அடிமரம் சாய்வதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆகவே எது மறைந்தது, எது எஞ்சியது என்பதைக் கவனித்தாலே பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாதி உணர்ந்துவிடலாம்.

காரணம் ஓரிடம், விளைவு வேறிடம்

ஒரு பழுது சில நேரங்களில் மட்டும் தோன்றுவது ஏன்? கணிப்பொறி மனம் போன போக்கில் நடப்பதில்லை. ஒரே தொடக்க நிலையில், ஒரே கட்டளைகளை, ஒரே வரிசையில், ஒரே கால இடைவெளியில் கொடுத்தால் அது ஒரே விளைவையே தரும். இரண்டாம் முறை வேறு விளைவு உண்டாயிற்று எனில், நாம் கவனியாத ஏதோ ஒரு நிபந்தனை மாறிவிட்டது என்பதே பொருள். அவ்வாறு மாறக்கூடிய நிபந்தனைகளுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, நினைவகத்தின் நிலை. ஒரு சாளரம் திறக்கப்படும்போது அதன் விவரங்களை வைக்க நினைவகத்தில் ஓரிடம் ஒதுக்கப்படுகிறது. மூடப்படும்போது அவ்விடம் திருப்பி அளிக்கப்படுகிறது. நிரலின் ஏதோ ஒரு பகுதி, சாளரம் மூடப்பட்டதை அறியாமல், பழைய முகவரியையே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். இது காலி செய்துவிட்டுப் போனவரின் பெயருக்குப் பழைய வீட்டிலேயே கடிதம் போடுவதைப் போன்றது. வீடு பூட்டியே கிடந்தால் கடிதம் கதவிடுக்கில் கிடக்கும். ஒரு தீங்கும் இல்லை. புதியவர் குடிவந்திருந்தால் குழப்பம் விளையும். புதியவர் எப்போது குடிவருவார் என்பது அந்த நேரத்தில் இயங்கும் மற்ற நிரல்களைப் பொறுத்தது. ஆகவேதான் அதே செயலைச் செய்தும் திங்கட்கிழமை ஒன்றும் நேராமல், புதன்கிழமை திரை மறைகிறது.

இரண்டாவது, நேரத்தின் போட்டி. ஒரே இருப்புப் பேரேட்டில் இரண்டு எழுத்தர்கள் வேலை செய்வதாகக் கொள்வோம். இருப்பு 100 மூட்டை என்று இருவரும் ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள். ஒருவர் 10 மூட்டை வந்ததைக் கூட்டி 110 என்று எழுதுகிறார். மற்றவர் 20 மூட்டை வந்ததைக் கூட்டி, முன்பு தாம் பார்த்த 100-ஐ வைத்து, 120 என்று அதன்மேல் எழுதுகிறார். சரியான கணக்கு 130. ஒருவர் முடித்தபின் மற்றவர் பார்த்திருந்தால் பிழை நேர்ந்திராது. புரொஜெக்டரின் கேபிளைப் பிடுங்கும் அதே கணத்தில் திரைக்காப்பு தொடங்குமானால், காட்சி நிர்வாகியின் இரு பகுதிகள் இவ்வாறே ஒரே பட்டியலைத் திருத்த முனையலாம்.

மூன்றாவது, தாமதமாக வரும் செய்தி. எக்ஸ் முறையில் நிரலானது தன் வேண்டுகோள்களைச் சேர்த்துவைத்து ஒரு கட்டாக அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் பதிலை எதிர்பார்த்து நிற்பதில்லை. வேகத்திற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் கட்டில் உள்ள ஒரு வேண்டுகோள் தவறானதாக இருந்தால், அதைப் பற்றிய அறிவிப்பு வந்துசேரும்போது நிரல் வெகு தூரம் சென்றிருக்கும். நிரல் நின்ற இடத்தைப் பார்ப்பவர், அதற்குச் சிறிதும் தொடர்பில்லாத வரியின்மீது குற்றம் சாட்டிவிடுவார். இந்த மூன்றிலும் விளைவு தோன்றும் இடமும் காரணம் உறையும் இடமும் பிரிந்தே நிற்கின்றன.

டைலர் நகரத்துப் படிப்பினை

மேசைக் கணிப்பொறியில் இத்தகைய பழுதினால் ஒரு பத்திரமோ, ஒரு நாள் உழைப்போ இழப்பாகலாம். இதே வகைப் பழுது வேறொரு திரையின் பின்னால் இருந்தபோது மனித உயிர்களைப் பறித்தது. ‘மீண்டும் தோன்றவில்லை’ என்ற சொல்லை எவ்வளவு எச்சரிக்கையுடன் கையாளவேண்டும் என்பதற்கு அந்த வரலாற்றை விடச் சிறந்த சான்று இல்லை.

‘தெராக்-25’ என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் இயந்திரம். கனடா நாட்டின் அரசு அணுசக்தி நிறுவனம் இதனைத் தயாரித்தது. பி.டி.பி.-11 கணிப்பொறி அதனை ஆண்டது, இயக்குபவர் வி.டி.-100 என்னும் திரையின் முன் அமர்ந்து விவரங்களைத் தட்டச்சு செய்வார். இயந்திரத்திற்கு இரண்டு முறைகள் உண்டு. எலெக்ட்ரான் முறையில் வலிமை குறைந்த கற்றை நேரே உடலில் படும். எக்ஸ்-கதிர் முறையில் மிகவும் வலிமையான கற்றை, இடையே வைக்கப்படும் உலோக இலக்கில் மோதி எக்ஸ்-கதிராக மாறும்.

1986 மார்ச் 21 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் நகரத்துப் புற்றுநோய் மையத்தில், இயக்குநராகப் பணிபுரிந்த பெண்மணி முறையைக் குறிக்குமிடத்தில் எலெக்ட்ரானுக்குப் பதிலாக எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே அதனைக் கண்டு, அம்புக்குறி விசையால் மேலே சென்று திருத்தினார். திரை திருத்தத்தைக் காட்டியது. இயந்திரத்தை இயக்கியதும் “மால்ஃபங்ஷன் 54” என்ற சொற்கள் தோன்றின. மிகக் குறைந்த அளவே கதிர் செலுத்தப்பட்டதாகவும் திரை காட்டியது. அடிக்கடி நேரும் சில்லறைத் தடங்கல்களுக்குப் பழகியிருந்த அவர், தொடருமாறு விசையை அழுத்தினார். நோயாளிக்குத் தரவேண்டியிருந்த அளவு 180 ராட். அவர் உடலின் சிறிய பகுதியில் பாய்ந்ததோ 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து இயந்திரத்தைச் சோதித்தனர். “மால்ஃபங்ஷன் 54” அவர்களுக்குத் தோன்றவில்லை. நோயாளி உணர்ந்தது மின்னதிர்ச்சியாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்து, அதுவும் சோதிக்கப்பட்டு, ஆதாரமில்லை எனத் தெரிந்தது. ஏப்ரல் 7 அன்று இயந்திரம் மீண்டும் பணிக்கு விடப்பட்டது. நான்கே நாட்கள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அதே இயக்குநரின் கையில் அதே நிகழ்ச்சி மற்றொரு நோயாளிக்கு நேர்ந்தது. அவர் மே 1 அன்று உயிர் நீத்தார்.

இம்முறை அம்மையத்தின் இயற்பியலாளர் இயந்திரத்தை உடனே நிறுத்திவிட்டு, இயக்குநருடன் அமர்ந்தார். தாம் செய்தவற்றை அவர் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தார். எந்த எழுத்தைத் தட்டினார், எங்கே திருத்தினார், எப்படிக் கீழே இறங்கினார் என்பவற்றை இருவரும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். இறுதியில் “மால்ஃபங்ஷன் 54”-ஐ வேண்டும்போதெல்லாம் வரவழைக்க அவர்களால் முடிந்தது. மறைந்திருந்த நிபந்தனை யாதெனில், தட்டச்சின் வேகம். கற்றையை வளைக்கும் காந்தங்களை அமைக்க ஏறத்தாழ 8 வினாடிகள் ஆகும். அந்த 8 வினாடிக்குள் திருத்தம் செய்து முடிக்கப்பட்டால், திரை அதனைக் காட்டும். உள்ளிருந்த நிரலின் மற்றொரு பகுதி அதனை அறியாது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்களுக்குப் பழுது தோன்றாததும், நாள்தோறும் செய்து கை பழகிய இயக்குநருக்குத் தோன்றியதும் இதனாலேயே.

இதன் முன்னோடியான ‘தெராக்-20’ இயந்திரத்திலும் இதே பிழை இருந்தது பின்னர் தெரியவந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர் குழு பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அவ்வியந்திரத்தின் ஃபியூஸ்கள் எரிந்துபோவது வழக்கமாக இருந்தது. பழகாத மாணவர்கள் முறைமாற்றி விவரங்களைத் தட்டியதே காரணம். ஆனால் அதில் தவறான கற்றையைத் தடுக்கும் தனிக் காப்புச் சாதனங்கள் இருந்தமையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. தெராக்-25-ல் அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது.

1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்து யாகிமா நகரில் நேர்ந்த விபத்துக்குக் காரணம் வேறொரு பிழை. சோதனை தேவை என்பதைக் குறிக்கும் எண் ஒன்று ஒரே பைட் இடத்தில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டப்பட்டுவந்தது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே எழுத முடியும். 256-ஆவது சுற்றில் அது மீண்டும் 0 ஆகும். 0 என்றால் ‘சோதனை தேவையில்லை’ என்று பொருள். இயக்குநர் அந்தக் கணத்திலேயே விசையை அழுத்தினால் மட்டும் சோதனை தவிர்க்கப்பட்டது. 1985-க்கும் 1987-க்கும் இடையே இவ்வியந்திரத்தால் நேர்ந்த பெருவிபத்துகள் ஆறு. இவற்றை நான்சி லெவெசன், கிளார்க் டர்னர் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக விளங்குகிறது.

எத்தனை முறை சோதித்தால் போதும்?

ஒரு முறையோ பத்து முறையோ செய்து பார்த்து, ‘ஒன்றும் நேரவில்லை’ என்று சொல்வதன் மதிப்பு என்ன என்பதைக் கணக்கிட்டே அறியலாம். இதனை மேல்வகுப்பு மாணவர்களுக்கு நிகழ்தகவுப் பாடத்தில் எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

ஒரு பழுது சராசரியாக 20 முறைக்கு ஒருமுறை தோன்றுவதாகக் கொள்வோம். ஒரு சோதனையில் அது தோன்றாதிருக்கும் வாய்ப்பு 0.95. பத்துச் சோதனைகளிலும் தோன்றாதிருக்கும் வாய்ப்பு, 0.95-ஐ அதனாலேயே பத்து முறை பெருக்கினால் வருவது. அதாவது ஏறத்தாழ 0.60. பழுது இருந்தும், பத்து முறை பார்த்தவருக்கு அது தென்படாமல் போவதற்கு 100-க்கு 60 பங்கு வாய்ப்பு உண்டு. தவறும் வாய்ப்பை 100-க்கு 5 பங்குக்குக் குறைக்க வேண்டுமாயின் தொடர்ந்து 59 முறை சோதிக்கவேண்டும்.

பழுது தோன்றும் நிபந்தனையைச் சிறிதளவு தெரிந்துகொண்டாலும் நிலை மாறிவிடும். ‘புரொஜெக்டரைப் பிடுங்கிய உடனே திரையைப் பூட்டினால்’ என்று ஒருவர் கவனித்துச் சொல்ல, அதன்படி செய்தபோது இரண்டு முறைக்கு ஒருமுறை பழுது தோன்றுகிறது எனில், 5 சோதனைகளே போதும். 59 என்பது 5 ஆகிறது. கவனித்துச் சொன்னவரின் ஒரு வரி, நிபுணரின் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்துகிறது.

பழுதைப் பிடிக்கும் முறைகள்

மென்பொருள் வல்லுநர்கள் கையாளும் முறைகளுள் சிலவற்றை அறிந்திருப்பது, அவர்கள் கேட்கும் விவரங்களின் தேவையை உணரத் துணைபுரியும்.

நிரலொன்று செயலிழக்கும் கணத்தில் அதன் நினைவகம் இருந்த நிலையைக் கோப்பாக எழுதிவைக்கும் ஏற்பாடு உண்டு. ‘கோர் டம்ப்’ எனப்படும் இக்கோப்பு, முற்காலக் கணிப்பொறிகளின் காந்த வளைய நினைவகத்தின் பெயரால் இன்றும் வழங்குகிறது. எந்தப் பணி எதனை அழைத்தது, அது எதனை அழைத்தது என்ற சங்கிலியை இதிலிருந்து பெறலாம். நிரலின் பெயர்க்குறிப்புகள் தனியே நிறுவப்பட்டிருந்தால் அச்சங்கிலி பெயர்களாகத் தெரியும். இல்லாவிடில் வெறும் எண்களாகவே இருக்கும்.

எக்ஸ் முறையில் தாமதமாக வரும் பிழையறிவிப்பைப் பிடிக்க, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் பதில் வந்தபின்பே அடுத்ததற்குச் செல்லுமாறு நிரலை இயக்கலாம். அப்போது குற்றம் செய்த வரியிலேயே நிரல் நிற்கும். ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நிரல் மெதுவாகிவிடுவதால், நேரப் போட்டியினால் விளையும் பழுதுகள் தோன்றாமலே போகலாம். உற்றுநோக்கும் செயலே நோக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை ஒட்டி இத்தகைய பழுதுகளை ‘ஹைசன்பக்’ என வேடிக்கையாக அழைப்பர். ஜிம் கிரே என்னும் அறிஞர் 1985-ல் எழுதிய அறிக்கையில் இச்சொல்லைக் கையாண்டுள்ளார்.

காலி செய்த வீட்டிற்குக் கடிதம் போடும் வகைப் பிழைகளுக்கு வேறு மருந்து உண்டு. திருப்பி அளிக்கப்பட்ட நினைவகத்தை உடனே பிறருக்குத் தராமல், அதனை எவரேனும் தொட்டால் அக்கணமே எச்சரிக்கும் காவல் முறைகள் வந்துள்ளன. 2002-ல் வெளிவந்த ‘வால்கிரைண்டு’, 2012-ல் விவரிக்கப்பட்ட ‘அட்ரஸ் சானிடைசர்’ ஆகியவை இத்தகையன. வீடு பூட்டியே இருந்தாலும் தவறான கடிதத்தை இவை வாசலிலேயே பிடித்துவிடும். பழுது வெளிப்படக் காத்திருக்க வேண்டியதில்லை.

மொசில்லா நிறுவனத்தில் உருவாகி 2014-ல் வெளிவந்த ‘ஆர்.ஆர்.’ என்னும் கருவி, நிரலொன்று இயங்குவதைப் பதிவு செய்துகொண்டு, பின்னர் அதனை இம்மியும் பிசகாமல் மீண்டும் நடத்திக் காட்டுகிறது. பழுது ஒரே ஒரு முறை பதிவில் சிக்கினால் போதும். அதனை எத்தனை முறையும், பின்னோக்கியும், ஆராயலாம். 2016-ல் அதில் சேர்க்கப்பட்ட ஒரு வசதி, நிரலின் பகுதிகள் இயங்கும் வரிசையை வேண்டுமென்றே கலைத்து, அரிய பழுதுகளை அடிக்கடி வெளிவரச் செய்கிறது.

எந்தத் திருத்தத்தால் பழுது புகுந்தது என்பதை அறியப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை உண்டு. 1,000 திருத்தங்கள் இருப்பினும் ஏறத்தாழ 10 படிகளில் குறிப்பிட்ட திருத்தத்தை அடையலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் பழுது இல்லை என்று சொல்ல 59 சோதனைகள் தேவைப்பட்டால் மொத்தம் 590 ஆகும். 5 போதுமெனில் 50-இல் முடிந்துவிடும். நிபந்தனையை அறிவதன் பயன் இங்கும் தெளிவாகிறது.

நேரில் கண்டவர் எழுதவேண்டியவை

மேற்கூறிய கருவிகள் எவையும் பழுது நேர்ந்த அறையில் இருந்தவரின் நினைவுக்கு ஈடாகா. ஆகவே திரை மறைந்த உடனே, மீண்டும் இயக்குவதற்கு முன்பாக, கீழ்க்கண்டவற்றைக் குறித்துவைத்தல் நன்று.

1. நேரம். மணி, நிமிடம், இயன்றால் வினாடி. கணிப்பொறி தானே எழுதும் நிகழ்ச்சிக் குறிப்பில் அந்த இடத்தைத் தேட இது உதவும்.

2. இறுதியாகச் செய்த ஐந்தாறு செயல்கள், செய்த வரிசையிலேயே. அவை விரைவாகச் செய்யப்பட்டனவா, நிதானமாகவா என்பதையும் எழுதுதல் வேண்டும்.

3. இணைப்புகள். புரொஜெக்டர், இரண்டாவது திரை, நீட்டிப்பு கேபிள் ஆகியவை இணைக்கப்பட்டிருந்தனவா? அண்மையில் பிடுங்கப்பட்டனவா? கணிப்பொறி உறக்க நிலையிலிருந்து எழுந்ததா?

4. எஞ்சியவை. ஒரு சாளரம் மட்டும் மறைந்ததா, யாவுமா? மவுஸின் சுட்டி அசைகிறதா? கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? மாறினால், எல்லாமே நின்றுவிடவில்லை என்பது தெரியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது நின்றதா, தொடர்ந்ததா?

5. திரையில் தோன்றிய சொற்கள், ஓர் எழுத்தும் மாறாமல். கைப்பேசியால் படம் எடுத்துவைப்பது இன்னும் சிறந்தது. ‘ஏதோ எர்ரர் வந்தது’ என்பதால் பயனில்லை. எடுத்துக்காட்டாக, விண்டோஸ் முறையில் டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டும் இயங்குகிறது என்ற பொருளில் ஒரு செய்தி வருவதுண்டு. விஸ்டா பதிப்பு முதல், வரைகலைச் சில்லு வழக்கமாக 2 வினாடிக்குள் பதில் தராவிடில் அதனை மீட்டமைக்கும் ஏற்பாடு உள்ளது. அந்த ஒரு வரியே பழுது சில்லு, டிரைவர் அடுக்கின் பக்கம் இருப்பதைச் சுட்டிவிடும்.

6. அண்மைய மாற்றங்கள். புதிய பதிப்பு நிறுவப்பட்டதா? புதிய எழுத்துரு சேர்க்கப்பட்டதா? வேறு திரை வாங்கப்பட்டதா?

7. கணக்கு. எத்தனை முறை அதே செயலைச் செய்ததில் எத்தனை முறை பழுது தோன்றியது? தோன்றாத முறைகளையும் எண்ணுதல் அவசியம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கோர் டம்ப் கோப்பில் அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்த எதுவும், கடவுச்சொல்லோ மாணவர் மதிப்பெண்ணோ பயனாளிகளின் விவரமோ, அடங்கியிருக்கக் கூடும். ஆதலால் அதனை உரிய தொழில்நுட்பப் பொறுப்பாளரிடமன்றிப் பிறரிடம் ஒப்படைத்தல் தகாது.

பழுதின் ஆயுள்

எவர் கண்ணுக்கும் தென்படாத பழுது தானே அழிந்துபோவதில்லை. எக்ஸ் முறையைப் பேணுவோர் 2014 டிசம்பரில் பல பிழைகளைத் திருத்தி அறிவித்தனர். அவற்றுள் சில, 1987-ல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே இருந்துவந்தவை. இருபத்தேழு ஆண்டுக்காலம் எண்ணற்ற திரைகளுக்குப் பின்னால் அவை மறைந்திருந்தன. அதே ஆண்டு ஜனவரியில், எழுத்துருக் கோப்புகளைப் படிக்கும் பகுதியில் 1991 முதல் இருந்த ஒரு பிழையும் திருத்தப்பட்டது. நீளம் மிகுந்த ஒரு சொல்லை, அளவு பார்க்காமல், சிறிய இடத்தில் எழுதிவிடும் பிழை அது. வழக்கமான எழுத்துருக்களில் அத்தகைய நீண்ட சொல் வராததால் அதன் விளைவை எவரும் காணவில்லை. இவற்றைப் போல் எத்தனையோ பிழைகள் இன்னும் தத்தம் நிபந்தனைக்காகக் காத்திருக்கலாம்.

டைலர் நகரத்துப் பழுது விடுவிக்கப்பட்டதற்குக் காரணம் விலையுயர்ந்த கருவியன்று. தாம் எந்த விசையை எப்போது அழுத்தினோம் என்பதை ஒரு பணியாளர் நினைவில் வைத்திருந்தார். அதனைப் பொறுமையுடன் கேட்க ஒருவர் முன்வந்தார். முதல் விபத்துக்குப் பின்னரே அவ்வாறு கேட்கப்பட்டிருந்தால், இரண்டாம் நோயாளி அந்த விபத்துக்கு ஆளாகியிருக்க மாட்டார். பள்ளியிலோ கள அலுவலகத்திலோ நிகழும் திரைக்கோளாறு அவ்வளவு பெரிதன்று எனினும், அதனைக் கண்டறியும் நெறி ஒன்றே. புகார்ப் பதிவேட்டில் “மீண்டும் தோன்றவில்லை” என்று எழுதநேரும்போது, அதன் பக்கத்திலேயே “எத்தனை முறை, எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சோதிக்கப்பட்டது” என்பதையும் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அங்கிருந்து தொடர இயலும்.